காரை விடுங்கள், முதலில் மீற்றரைச் சரிபாருங்கள்

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘நானும் தங்கச்சியும் எங்கள் பழைய ஆல்ட்டோவில், ரோட் புக் பார்த்து வழி பிடித்து ஓடும் கார் ரலி ஒன்றில் ஆசைக்குக் கலந்துகொள்ளப் போகிறோம். காரில் என்ன மாற்ற வேண்டும், எப்படிப் பழக வேண்டும்?’

காரில் ஒன்றும் மாற்ற வேண்டாம். பிரேக், ரயர், லைட், ஸ்பெயார் வீல் ஒழுங்காக இருந்தால் போதும். இது முந்தி ஓடுகிற போட்டியே இல்லை. சொன்ன வழியில், சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், பிந்தினாலும் தண்டப் புள்ளி, முந்தினாலும் தண்டப் புள்ளி.

ஆகவே எல்லாம் தூரத்தை அளப்பதில்தான் இருக்கிறது, உங்கள் கார் மீற்றரோ கொஞ்சம் பிழையாகத்தான் காட்டும். ரயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்குச் சில்லு கூடச் சுற்றும், மீற்றரும் கூட்டிக் காட்டும். ஏ9 வீதியில் கண்டியிலிருந்து எண்ணிவரும் கிலோமீற்றர் கற்கள் இருக்கின்றனவே, ஓமந்தை தாண்டி ஒரு கல்லடியில் ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கிவிட்டுப் பத்துக் கல் ஓடிப் பாருங்கள். 10.2 என்று காட்டினால், புத்தகத்தில் 15.0 என்று இருக்கும் திருப்பம் உங்கள் மீற்றரில் 15.3இல் வரும். முந்நூறு மீற்றர் பெரிய விசயமா என்று நினைக்காதீர்கள், ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுக்குள் ஒரே மாதிரியான கிரவல் ரோட்டுகள் அடுத்தடுத்துப் பிரியும்போது அந்த முந்நூறு மீற்றர் உங்களை வேறொரு ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். ரலி நாளில் அமைப்பாளர்களே அளந்த ஒரு துண்டு வழி தந்தால் கற்களை விட்டுவிட்டு அதையே நம்புங்கள், புத்தகம் எழுதப்பட்டது அவர்களுடைய அளவில்.

கணக்கு, தங்கச்சியின் வேலை. மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 100 செக்கன். 4.7 கிலோமீற்றரில் 470 செக்கன், அதாவது 7 நிமிடம் 50 செக்கன் ஆகியிருக்க வேண்டும். ஸ்ரொப் வோச் 7:40 காட்டினால் நீங்கள் பத்துச் செக்கன் முந்தி நிற்கிறீர்கள். உடனே பிரேக் பிடிக்காமல் அடுத்த ஒரு கிலோமீற்றருக்குள் மெதுவாகக் கரைத்துவிடுங்கள். 30, 40, 45 வேகங்களுக்கு முதல்நாளே அட்டவணை எழுதி வையுங்கள், குலுங்குகிற காருக்குள் பெருக்கல் சரிவராது.

புத்தகத்தில் சந்திகள் ‘ட்யூலிப்’ படங்களாக இருக்கும், நெதர்லாந்தின் ட்யூலிப் ரலியால் வந்த பெயர். உருண்டைப் புள்ளி நீங்கள் வரும் பக்கம், அம்புமுனை போக வேண்டிய பக்கம், அவ்வளவுதான். தங்கச்சி சந்திக்கு முன்னமே சொல்ல வேண்டும், நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். குனிந்தே வாசித்தால் வயிற்றைப் பிரட்டும், புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். வழி பிழைத்தது போலிருந்தால் ‘கொஞ்சம் போய்ப் பார்ப்போம்’ வேண்டவே வேண்டாம். கடைசியாகப் பொருந்திய சந்திக்குத் திரும்புங்கள், வீணாக ஓடிய தூரத்தை இரண்டு பக்கமும் சேர்த்து மீற்றரில் கழியுங்கள்.

வன்னியில் பழகும்போது இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். காரைத் திருப்ப என்று ரோட்டை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை, அகலமான சந்தி வரும்வரை ஓடுங்கள். பொழுதுபடுமுன் காட்டு ரோட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள், யானை வரும். மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்து ரோட்டின் பாதியில் நெல் காயும், அந்த நாட்களில் அந்தப் பக்கம் பயிற்சிக்கே போக வேண்டாம், வேறு வழி எடுங்கள்.