மகன் அட்டையில் நமக்கு டிக்கெட்

கேள்வி: சிங்கப்பூரில் பணிபுரியும் என் மகன், அங்குள்ள வங்கியின் கிரெடிட் கார்டைக் கொண்டு எங்களுக்குச் சென்னை–மதுரை இண்டிகோ டிக்கெட்டை இணையத்தில் எடுக்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக எடுக்கலாம். ஆனால், ஒருமுறைக் கடவுச்சொல்லோ வங்கிச் செயலியின் ஒப்புதலோ அவருடைய கைப்பேசிக்கே செல்லும் என்பதால், அட்டை எண்ணைத் தொலைபேசியில் கேட்டு வாங்கி நீங்கள் முயல வேண்டாம். அவரே பதிவு செய்யட்டும். கட்டணப் பக்கத்தில் ‘சிங்கப்பூர் டாலரிலா, ரூபாயிலா’ என்று கேட்டால், ரூபாயையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்; டாலரைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்திலேயே கூடுதல் தொகை சேர்ந்துவிடும். ரூபாயில் செலுத்தினாலும் பல வங்கிகள் சுமார் 3 சதவீதம் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். மலிவு டிக்கெட்டில் இதையும் கணக்கில் சேர்த்துப் பார்ப்பது நல்லது. பயணத்தை ரத்து செய்தால், திரும்ப வரும் தொகை பொதுவாக மகனின் அட்டைக்கே போகும்.