மனைவி, இரண்டு குழந்தைகளுடன் பாய்மரப் படகிலேயே குடியிருக்க ஆசை. 45 அடி கேட்டமரன் வாங்கலாமா? எந்தக் கம்பெனி நல்லது?

இங்கே வந்திருக்கும் பதில்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, இரட்டை உடல் கொண்ட கேட்டமரன்தான் என்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் ஐடி வேலையில் இருப்பவர், யூடியூப் பார்த்துவிட்டு வீட்டில் மெல்லப் பேச்சைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும்.

நான் கப்பலில் இன்ஜினியராக இருந்தவன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மலேசியாவின் லங்காவித் தீவில் படகில்தான் குடித்தனம். எங்களுடையது மூடி (Moody) 425 என்ற படகு. 80களின் கடைசியில் இங்கிலாந்தில் கட்டிய, ஒற்றை உடல் கொண்ட மோனோஹல். உட்கார்ந்து படகை ஓட்டும் இடமான காக்பிட் நடுவில் இருக்கும். வாங்கியபோது மச்சானிலிருந்து பக்கத்துப் படகு ஆஸ்திரேலியக்காரர் வரை, "போயும் போயும் இந்தப் பழசா?" என்றுதான் கேட்டார்கள்.

நான் பிராண்டையும் பார்க்கவில்லை, எத்தனை அடி என்றும் பார்க்கவில்லை. நேரே போய் இன்ஜினைப் பார்த்தேன். நடுவில் காக்பிட் இருப்பதால் அதற்குக் கீழே இன்ஜினுக்கென்று இடம் இருக்கிறது. கதவைத் திறந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து கையை விட்டு வேலை செய்யலாம்.

பாய்மரப் படகுக்கு இன்ஜினா முக்கியம் என்று யாராவது கேட்பார்கள். மலாக்கா நீரிணையில் வந்து ஓட்டிப் பார்க்கட்டும். பல நாள் காற்று செத்துக் கிடக்கும். போர்ட் கிள்ளானிலிருந்து பாங்கோர் போகும்போது ஒரு ராத்திரி இன்ஜின் சூடு அலாரம் அடித்தது. இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் இழுக்கும் துளையில் பிளாஸ்டிக் சாக்கு. தண்ணீரில்லாமல் சுற்றியதில் நீர் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் பிய்ந்துவிட்டன. மேற்கே கப்பல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன, காற்று துளியும் இல்லை. மனைவி மேலே நின்று நாங்கள் எந்தப் பக்கம் அடித்துப்போகிறோம் என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஹோஸைக் கழற்றி டிங்கிக்கு (சின்ன ரப்பர் படகு) காற்றடிக்கும் பம்பால் ஊதினேன், சாக்கு விலகியது. அப்புறம்தான் நிஜமான வேலை. பிய்ந்த இதழ்த் துண்டுகள் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் இன்ஜின் சூட்டை இறக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைத்துவிடும். மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்க, துண்டுகளைத் தட்டில் பூ மாதிரி அடுக்கிச் சரிபார்த்தேன். பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை.

அவர்கள் படுத்திருந்தது நடு ஹாலின் சோபாவில், உருண்டு விழாமல் இருக்கத் துணித் தடுப்பு கட்டி. கேபின் எத்தனை என்று புரோக்கர் எண்ணிக் காட்டுவார். முன்பக்க கேபின் கட்டில் போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். அலையில் ஓடும்போது அதில் படுத்தால் தூக்கித் தூக்கிப் போடும். கடலில் போகும்போது பிள்ளைகள் எங்கே படுப்பார்கள் என்று கேளுங்கள்.

கேட்டமரன்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அது சாயாது, ஆழமில்லாத இடத்தில் நிற்கும், சமையல் செய்துகொண்டே பிள்ளைகளைப் பார்க்கலாம், எல்லாம் சரி. ஆனால் படகு நிறுத்தும் மெரினாக்கள் பலவற்றில் ஒன்றரை மடங்கு வாடகை, பராமரிக்க இரண்டு இன்ஜின். குடும்பம் என்றால் சாமான் சேரும், பாரம் ஏற ஏற அதன் வேகம் போய்விடும். நான் உலகம் சுற்றியவன் இல்லை. இந்த நீரிணையும் புக்கெட் பக்கமும்தான் எனக்குத் தெரியும்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் படகுக்கே கொடுத்துவிடாதீர்கள். பாய் கட்டும் கம்பமான மாஸ்ட்டைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்து வயதாகிவிட்டால் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் மாற்றச் சொல்லும். படகின் அடியில் துளை போட்டு புரொப்பெல்லர் காலை இறக்கியிருக்கும் வோல்வோ செயில்டிரைவ் என்றால், ஏழு வருடத்துக்கு ஒருமுறை அந்தத் துளையில் தண்ணீர் வராமல் தடுக்கும் ரப்பரை மாற்ற வேண்டும், அதற்குப் படகைத் தரையில் ஏற்ற வேண்டும். வாங்கும் முன்பும் தரையில் ஏற்றித்தான் சர்வே, அதாவது படகின் நிலையைப் பரிசோதனை, செய்ய வேண்டும். சர்வேயரை நீங்களே பிடியுங்கள். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிகி என்ற படகின் கீல் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி) கழன்று நாலு பேர் உயிர் போனது. முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த ரிப்பேரும் கீல் பிடிமானத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை. தரைதட்டியதா என்று விற்பவரிடம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். கீல் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, உள்ளே போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று சர்வேயர் பார்க்கட்டும்.

படகை விடுங்கள், இதையெல்லாம்விட என்னைப் படுத்தி எடுத்தது ஊரில் இருக்கும் வங்கி. கேஒய்சிக்கு முகவரிச் சான்று கேட்டார்கள். மெரினா ரசீதைக் கொடுத்தால், "இது பார்க்கிங் பில் சார்" என்றார் அந்தப் பையன். வீட்டு எண் எழுதாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாதாம். கணக்கை முடக்கியே விட்டார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் அதில்தான் கிடந்தது. கடைசியில் அண்ணன் வீட்டு முகவரியைக் கொடுத்து மீட்டேன். எனக்கு வரும் கிரெடிட் கார்டு விளம்பரக் கடிதத்தைக்கூட அண்ணி விடாமல் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புகிறார்.