லைன் மேல் பழி போடுமுன்: போஸ்ட்கிரெஸ் கேள்வி பதில்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ரெப்ளிகேஷனில், அதாவது பிரைமரி என்கிற முதன்மை சர்வரில் எழுதுவதை ஸ்டாண்ட்பை என்கிற மாற்று சர்வருக்கு நகலெடுப்பதில், சிக்கல் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், ஊட்டி என்று மலையின் எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. பருவமழை நேரம் என்பதால் முக்கால்வாசிப் பேர் "எங்கேயோ மரம் விழுந்து நெட் லைன் போயிருக்கும், அதனால்தான் ஸ்டாண்ட்பை பின்தங்குகிறது" என்று தீர்ப்பையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்த்ததில் லைன் மேல் குற்றம் இருப்பது ஒரே ஒரு கேள்வியில்தான். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி): அக்கா, தேயிலை ஃபாக்டரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். பச்சை இலை எடை இங்கே பிரைமரியில் பதிவாகும். ஸ்டாண்ட்பை கோயம்புத்தூரில். சாயங்காலம் கடைசி லோடு இறங்கியதிலிருந்து லேக் (ஸ்டாண்ட்பை பின்தங்கும் நேரம்) ஏறிக்கொண்டே போகிறது. ராத்திரி பத்து மணிக்கு நாலு மணி நேரம் என்று காட்டுகிறது. காலையில் முதல் லோடு வந்ததும் தானாகவே சரியாகிவிடுகிறது. ராத்திரி லைன் சரியில்லையா?

பதில்: லைன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, கணக்குத்தான் தப்பு. இப்போதைய நேரத்திலிருந்து பிஜி_லாஸ்ட்_எக்ஸாக்ட்_ரீப்ளே_டைம்ஸ்டாம்ப் தருகிற நேரத்தைக் கழிக்கிறீர்கள், இல்லையா? ஸ்டாண்ட்பை கடைசியாக ஏற்றுக்கொண்ட டிரான்சாக்ஷன் (ஒன்றாக முடிகிற ஒரு தொகுப்பு வேலை) பிரைமரியில் எப்போது முடிந்தது என்பதைத்தான் அது சொல்லும். ஆறு மணிக்கு மேல் யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் கடிகாரம் மட்டும்தானே ஓடும்? பிரைமரியில் பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷனைப் பாருங்கள். எல்எஸ்என் என்பது வால் என்கிற மாற்றப் பதிவில் எந்த இடம் வரை வந்தாயிற்று என்று சொல்லும் எண். அங்குள்ள ரீப்ளே எல்எஸ்என்னும் பிஜி_கரண்ட்_வால்_எல்எஸ்என் தருவதும் ஒன்றாக இருந்தால் பாக்கி எதுவும் இல்லை. வித்தியாசம் இருந்தால் எத்தனை பைட் என்று பிஜி_வால்_எல்எஸ்என்_டிஃப் சொல்லும். அங்கே ஸ்டாண்ட்பைக்கு வரியே இல்லாமல் போனால்தான் பயப்பட வேண்டும். இணைப்பே இல்லை என்று அர்த்தம்.

கேள்வி (குன்னூர்): பிரைமரியில் டிஸ்க் நிறைந்து சர்வர் நின்றுவிட்டது. பிஜி_வால் ஃபோல்டரில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள். பழையதை அழித்துவிடலாமா மேடம்?

பதில்: கையை எடுங்கள் அங்கிருந்து! அந்த ஃபோல்டரில் கையால் எதையும் அழிக்கக் கூடாது. சர்வர் எழுந்திருக்கவே அந்த ஃபைல்கள் வேண்டியிருக்கலாம். முதலில் அந்த டிஸ்க்கில் வேறு எதையாவது நகர்த்திக் கொஞ்சம் இடம் செய்து சர்வரை எழுப்புங்கள். அப்புறம் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பாருங்கள். ஸ்டாண்ட்பைக்காக வால் ஃபைல்களை எடுத்து வைக்கச் சொல்லும் குறிப்புதான் ஸ்லாட். ஆக்டிவ் என்ற இடத்தில் ஃபால்ஸ் என்று ஒரு ஸ்லாட் உட்கார்ந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இதில் நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் சோதனைக்காக ஒரு ஸ்டாண்ட்பை அமைத்தோம். வேலை முடிந்ததும் அந்த மெஷினை எடுத்துவிட்டோம், ஸ்லாட்டை மறந்துவிட்டோம். வராத விருந்தாளிக்காகச் சோறு எடுத்து வைத்துக்கொண்டே இருந்தது பிரைமரி. ஒரு வால் ஃபைல் 16 எம்பி, 64 சேர்ந்தால் ஒரு ஜிபி. பெயருக்கேற்ற வால்தான், நீண்டுகொண்டே போகும். மூன்றாவது வாரம் டிஸ்க் நிறைந்தது.

அந்த ஸ்லாட்டுக்கு ஆள் இல்லை என்று உறுதியானால் பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் போட்டு நீக்குங்கள். அடுத்த செக்பாயின்டில் (சர்வர் அவ்வப்போது மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் நேரம்) இடம் விடுபடும். ஸ்லாட்டுக்காக எவ்வளவு வால் பிடித்து வைக்கலாம் என்று சொல்ல 13ஆம் பதிப்பிலிருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே கிடையாது. ஒரு வரம்பு வையுங்கள். வரம்பு தாண்டினால் அந்த ஸ்டாண்ட்பையை பேஸ்பேக்கப் என்கிற முழு நகலிலிருந்து மறுபடி கட்ட வேண்டியிருக்கும். பிரைமரி நிற்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கேள்வி (ஊட்டி): ஹோம்ஸ்டே புக்கிங் சைட் நடத்துகிறோம். சீசன் கணக்கு ரிப்போர்ட்டை ஸ்டாண்ட்பையில்தான் ஓட்டுகிறோம். பாதியில் "ரெக்கவரியுடன் மோதல், குவெரி ரத்து" என்கிற மாதிரி எரர் வந்து அறுந்துவிடுகிறது. சிறிய ரிப்போர்ட்டுகளுக்கு வருவதில்லை.

பதில்: பிரைமரியில் வேக்யூம் ஓடிப் பழைய வரிகளைக் கூட்டித் தள்ளுகிறது. அதே வேலை ஸ்டாண்ட்பைக்கும் வந்து சேருகிறது. உங்கள் ரிப்போர்ட்டோ அந்தப் பழைய வரிகளைத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற லாரியும் இறங்குகிற காரும் எதிரெதிரே நிற்பது மாதிரி. லாரி 30 செகண்ட் பொறுக்கும். மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஸ்ட்ரீமிங்_டிலே என்பதன் இயல்பு மதிப்பு அதுதான். அதற்கு மேல் உங்கள் குவெரியை ஓரம் கட்டிவிட்டு ஏறிவிடும்.

அந்த நேரத்தைக் கூட்டினால் ரிப்போர்ட் முடியும், ஆனால் அதுவரை ஸ்டாண்ட்பை பின்தங்கும். ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் ஆன் செய்தால் "நான் படித்துக்கொண்டிருக்கிறேன், அழிக்காதே" என்று பிரைமரிக்குத் தகவல் போகும், ஆனால் அங்கே குப்பை சேரும். பின்தங்காமல் இருப்பது, நீண்ட ரிப்போர்ட் ஓட்டுவது இரண்டையும் ஒரே ஸ்டாண்ட்பையில் எதிர்பார்க்காதீர்கள். பிரைமரி விழுந்தால் கைகொடுக்க ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடுவதே என் கட்சி. வசதி இல்லையென்றால் ரிப்போர்ட்டை மாதம் மாதமாக வெட்டி ஓட்டுங்கள்.

கேள்வி (கூடலூர்): சொசைட்டி சாஃப்ட்வேர். உறுப்பினர் டேபிளில் ஒரு நெடுவரிசை (காலம்) சேர்க்க ஆல்டர் டேபிள் போட்டேன். அது முடியவே இல்லை, அதற்குப் பின்னால் மொத்த ஆபீசும் தொங்கிவிட்டது. சர்வரை ரீஸ்டார்ட் செய்துதான் தப்பித்தேன். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி (எந்த செஷன் என்ன செய்கிறது என்ற பட்டியல்) படம் அனுப்பியிருக்கிறேன். என் குவெரிதானே குற்றவாளி?

பதில்: படம் எடுத்து வைத்தீர்களே, அதற்கே பாராட்ட வேண்டும். நீங்கள் குற்றவாளி இல்லை, வரிசையில் இரண்டாவது ஆள். படத்தில் 40 வரி இருக்கிறது. பெரும்பாலானவற்றில் வெயிட் ஈவென்ட் டைப் "லாக்", அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கின்றன. அந்த வரிகளை விடுங்கள். மேலிருந்து ஏழாவது வரியைப் பாருங்கள். ஸ்டேட் "ஐடில் இன் டிரான்சாக்ஷன்", எக்ஸாக்ட் ஸ்டார்ட் (டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரம்) 12.50. படம் எடுத்தது 2.35. குவெரி என்ற இடத்தில் சாதாரண செலக்ட். யாரோ டிரான்சாக்ஷனைத் திறந்து, டேபிளைப் பார்த்து, கமிட்டும் செய்யாமல் மூடவும் செய்யாமல் சாப்பிடப் போய்விட்டார்கள்.

வெறும் செலக்ட்கூட டேபிள் மேல் ஒரு லேசான பூட்டு போடும். டிரான்சாக்ஷன் முடியும்வரை அது விடாது. உங்கள் ஆல்டருக்கு முழுப் பூட்டு வேண்டும், அதனால் காத்திருந்தது. புதிதாக வந்த செலக்ட்டெல்லாம் ஆல்டருக்குப் பின்னால் நின்றுவிட்டன. ஐடில் செஷன்களில் குவெரி என்று தெரிவது கடைசியாக ஓடி முடிந்தது. இப்போது ஓடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்த முறை பிஜி_பிளாக்கிங்_பிஐடிஸ் என்ற ஃபங்ஷனுக்கு மாட்டிக்கொண்ட செஷனின் எண்ணைக் கொடுங்கள், மறித்து நிற்பவரைக் காட்டிக்கொடுத்துவிடும். பிஜி_கேன்சல்_பேக்எண்ட் இவரிடம் பலிக்காது, ரத்து செய்ய ஓடுகிற குவெரியே இல்லையே. பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்தான் வேண்டும். லினக்ஸில் கில் மைனஸ் 9 மட்டும் வேண்டாம், எல்லாருடைய செஷனும் சேர்ந்து போய்விடும். ஆல்டர் போடுமுன் லாக்_டைம்அவுட் 5 செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், பூட்டு கிடைக்காவிட்டால் அதுவே விலகிவிடும். ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்டைப் பத்து நிமிடமாக்குங்கள். யார் சாப்பிடப் போனது என்று விசாரிக்கக்கூட வேண்டியதில்லை.

கேள்வி (ஊட்டி, வேறொருவர்): "டூ மெனி கிளையன்ட்ஸ்" என்று எரர் வருகிறது. மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் 100ஐ 500 ஆக்கலாமா?

பதில்: எத்தனை ஐடிலாகச் சும்மா கிடக்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கிற பிஜிபவுன்சர் போதும். கூட்டியே ஆகவேண்டுமென்றால் முதலில் ஸ்டாண்ட்பையில் கூட்டி, பிறகு பிரைமரியில்.

கேள்வி (குன்னூர், மலைப்பாதைப் பக்கம்): மழையில் கேபிள் அறுந்ததும் பிரைமரியிலேயே எதுவும் சேவ் ஆகவில்லை. ஸ்டாண்ட்பை போனால் பிரைமரி ஏன் நிற்கிறது?

பதில்: இதுதான் நான் சொன்ன ஒன்று. இங்கே லைன் போனது உண்மை. ஆனால் லைன் போனால் நின்றுவிடு என்று சொல்லி வைத்தது நீங்கள்தான். சிங்க்ரோனஸ்_ஸ்டாண்ட்பை_நேம்ஸில் ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருள்ள ஸ்டாண்ட்பை "வந்துவிட்டது" என்று சொல்லும்வரை கமிட் காத்திருக்கும். பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் "சிங்க்ரெப்" என்று தெரியும். அந்தப் பெயரை எடுத்துவிட்டு கான்ஃபிகை ரீலோட் செய்யுங்கள், ரீஸ்டார்ட் தேவையில்லை, நின்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு விஷயம். காத்திருந்த அந்த கமிட்டுகள் பிரைமரியில் ஏற்கெனவே பதிவாகிவிட்டவை. திரை உறைந்துவிட்டதே என்று கேன்சல் அடித்து அதே பில்லை மறுபடி போட்டிருந்தால் இரண்டு பில் இருக்கும். கேபிள் அறுந்த நேரத்திலிருந்து உள்ள பில்களை இன்றைக்கே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.