ஷாங்காய் நடனக்கூடங்களில் ரஷ்ய அகதிப் பெண்கள்: கேள்வி பதில்

கேள்வி: ரஷ்யப் பிரபு வீட்டுப் பெண்கள் ஷாங்காய்க்கு ஏன் வந்தார்கள், ஐயா?

1917 புரட்சியை அடுத்த உள்நாட்டுப் போரில் தோற்ற வெள்ளைப் படையின் குடும்பங்கள் சைபீரியா வழியே கிழக்கே ஒதுங்கின. ('வெள்ளை' என்பது தோல் நிறமல்ல, கம்யூனிஸ்டுகளின் செம்படைக்கு எதிர்த்தரப்பு.) 1922 அக்டோபரில் ரஷ்யாவின் கிழக்குக் கோடித் துறைமுகமான விளாடிவாஸ்டாக்கும் செம்படையின் கைக்குப் போனது. வெள்ளைப் படையின் கடற்படைத் தளபதி அட்மிரல் ஸ்டார்க்கின் கப்பல்களில் சிலர் வந்தார்கள், வடகிழக்குச் சீன நகரமான ஹார்பினிலிருந்து பலர் வந்தார்கள்.

கேள்வி: எல்லாருமே இளவரசிகளா?

இல்லை. பெரும்பாலோர் ராணுவ அதிகாரி, அரசு ஊழியர், வணிகர் வீட்டுப் பெண்கள். பட்டப்பெயர் சொன்னால் வாடிக்கையாளருக்கு ஆர்வம் கூடும் என்பதால் இல்லாத பட்டமும் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: படித்தவர்கள்தானே, வேறு வேலை கிடைக்கவில்லையா?

பணம் போனதைவிடக் குடியுரிமை போனதுதான் பெரிய அடி. 1920-இல் சீனா பழைய ஜார் ஆட்சித் தூதரகங்களை ஏற்க மறுத்தது. மற்ற பல ஐரோப்பியருக்கு இருந்த தனிச் சட்டப் பாதுகாப்பு, அதாவது சீன நீதிமன்றத்துக்குப் போகாமல் தங்கள் நாட்டுச் சட்டப்படியே விசாரிக்கப்படும் உரிமை, ரஷ்யருக்கு இல்லாமல் போனது. 1921 டிசம்பரில் சோவியத் அரசும் இவர்களின் குடியுரிமையைப் பறித்தது. அலுவலக வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். இவர்களுக்குத் தெரிந்தது பிரெஞ்சு. தையல், தொப்பிக் கடை, பியானோ பாடம் எல்லாம் இருந்தன, ஆனால் வாடகைக்கே போதாது. கொண்டுவந்த நகை அடகுக்குப் போய்த் தீர்ந்த பிறகு, வீட்டில் கற்ற வால்ட்ஸ் நடனம்தான் கையில் மிஞ்சிய முதல்.

கேள்வி: டாக்ஸி டான்ஸருக்கு எவ்வளவு கிடைக்கும்? கணக்கைச் சொல்லுங்கள்.

டாக்ஸி மாதிரிதான், ஓடிய தூரத்துக்குக் காசு. வாடிக்கையாளர் கவுண்டரில் சீட்டு வாங்குவார், ஒரு பாட்டு ஆட ஒரு சீட்டு. நல்ல கூடங்களில் ஒரு சீன டாலருக்கு 3 ஆட்டம், மலிவான இடங்களில் 10 அல்லது அதற்கும் மேல். இரவு முடிந்ததும் அந்தப் பெண் சீட்டுகளை எண்ணிக் கொடுப்பார். கூடம் தன் பங்கை, பல இடங்களில் பாதியை, எடுத்துக்கொள்ளும். நல்ல கூடத்தில் 30 சீட்டு சேர்ந்தால் 10 டாலர், அவருக்கு 5. யாரும் அழைக்காத இரவில் பூஜ்யம். மாலை உடை, காலணி, தலை அலங்காரம் எல்லாம் அவர் செலவு. இங்கேதான் கடன் தொடங்கும்.

அதனால் மதுக் கமிஷன்தான் பெரிய வரும்படி. மேசையில் உட்கார்ந்து பேசி, ஷாம்பெயின் வாங்க வைக்க வேண்டும். அவர் கோப்பையில் பெரும்பாலும் ஆறிய தேநீரோ ஆப்பிள் சாறோ இருக்கும்; பில்லில் அது ஷாம்பெயின். இதை ஏமாற்று என்று மட்டும் பார்க்காதீர்கள். இரவு முழுக்க உண்மையிலேயே குடித்திருந்தால் உடம்பு ஒரு வருடம்கூடத் தாங்காது.

கேள்வி: இது பாலியல் தொழில்தானே?

இரண்டையும் ஒன்றாக்குவது அநியாயம். ஆடுவது, உட்காருவது, பேசுவது என்பதே வேலை. கடன் நெருக்கியபோது சிலர் அந்தப் பக்கம் தள்ளப்பட்டது உண்மை; 1933-இல் வந்த சர்வதேச சங்க (ஐ.நா.வுக்கு முன்னோடி அமைப்பு) விசாரணைக் குழு அறிக்கை கிழக்காசியாவில் ரஷ்யப் பெண்களின் நிலையைத் தனியாகவே பேசியது. அதற்காக ஆடிய எல்லாரையும் அந்தக் கணக்கில் எழுதக் கூடாது.

கேள்வி: பிறகு என்ன ஆனார்கள்?

1920-களின் இறுதியிலிருந்து சீனப் பெண்கள் இத்தொழிலுக்கு வந்தார்கள். 1933-இல் திறந்த பாரமவுண்ட் போன்ற கூடங்களில் அவர்களே பிரபலம். 1949-இல் சீனக் கம்யூனிஸ்ட் படை நெருங்கியபோது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ரஷ்யர்கள் பிலிப்பைன்ஸின் துபாபாவோ தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கூடாரங்களில் காத்திருந்து, பலர் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள்.