கடைவாய்ப் பல் அடைப்பு மறுபடி மறுபடி உடைகிறதா? கண்ணாடி இழை பற்றி

வணக்கம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வைத்த காம்போசிட் (பல் நிறப் பிசின் அடைப்பு) இரண்டு முறை உடைந்துவிட்டது, இப்போது மருத்துவர் கண்ணாடி இழை கலந்ததைச் சொல்கிறார், அது வாயில் குத்தாதா என்று கேட்டிருந்தீர்கள். பல் மருத்துவராகச் சொல்கிறேன், அந்தப் பயம் வேண்டாம். சாதாரணக் காம்போசிட்டிலும் பெரும்பாலும் கண்ணாடித் துகள் இருக்கும்.

வித்தியாசம் வடிவத்தில்தான். துகள்களுக்கு இடையே விரிசல் புகுந்து ஓடிவிடும். இழையோ குறுக்கே கிடந்து அதை இழுத்துப் பிடிக்கும், மண்சுவருக்கு வைக்கோல் சேர்த்துக் குழைப்பது போல. சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருளின் பூச்சு இருப்பதால் இழை பிசினோடு நன்றாகப் பிணைந்துகொள்ளும்.

மருத்துவரிடம் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். இழைக் காம்போசிட் அடியில்தான் இருக்க வேண்டும். மேலே 1 முதல் 2 மி.மீ. சாதாரணக் காம்போசிட்டால் மூட வேண்டும். இழை வெளியே தெரிந்தால் சொரசொரப்பாகும், கறை பிடிக்கும்.

எனக்கு உறுத்துவது வேறு. அடைத்தது நடுவில் உடைந்ததா, பல்லிலிருந்து முழுதாகப் பெயர்ந்து வந்ததா? பெயர்ந்து வந்திருந்தால் ஒட்டுதலில்தான் கோளாறு. பெரும்பாலும் எச்சில் ஈரம் பட்டிருக்கும். அதற்கு இழை உதவாது. ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றி விரிக்கும் மெல்லிய ரப்பர் விரிப்பு) போட்டுச் செய்யச் சொல்லுங்கள். வேர் சிகிச்சை செய்த பல்லாக இருந்து, சுவரும் மெலிந்திருந்தால், இழை வைத்தாலும் மேல்முகடுகளை மூடும் ஆன்லே அல்லது கேப் தேவைப்படலாம். தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் காப்பு உறையான நைட் கார்டு தருவார்.