நெதர்லாந்துக்கு டெஸ்ட் அந்தஸ்து வருமா? மகனுக்காகக் கேட்கும் ஓர் அப்பாவுக்கு

கேள்வி: ஆறு வருடமாக நெதர்லாந்தில், ஆம்ஸ்டெல்வேனில் குடும்பத்தோடு இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. இங்கே கிளப்பில் ஆடுகிறான். ஸ்பின் நன்றாக வருகிறது என்று கோச் சொல்கிறார். "டெஸ்ட்டே ஆடாத நாட்டுக்கு ஆடி என்ன புண்ணியம்? பையனைச் சென்னைக்கு அனுப்பி வையுங்கள்" என்கிறார் என் மைத்துனர். நெதர்லாந்துக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைக்குமா? அதற்கு அவர்களுக்குத் தகுதி இருக்கிறதா? அதை நம்பி இவனை இங்கே ஆடவிடலாமா?

பதில்:

மைத்துனருக்கு முதலில் ஒரு ஸ்கோர்கார்டைக் காட்டுங்கள். 2023 உலகக் கோப்பை, தர்மசாலா. மழையால் 43 ஓவராகச் சுருங்கிய ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை நெதர்லாந்து 38 ரன்னில் வீழ்த்தியது. கேப்டன் ஸ்காட் எட்வர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 78. அதே கோப்பையில் கொல்கத்தாவில் பங்களாதேஷும் அவர்களிடம் தோற்றது. அதற்கு ஒரு வருடம் முன்பு அடிலெய்டில், டி20 உலகக் கோப்பையில், அரையிறுதிக்குப் போயிருக்க வேண்டிய இதே தென்னாப்பிரிக்காவை வீட்டுக்கு அனுப்பியதும் இவர்கள்தான். 2009-ல் லார்ட்ஸிலும் 2014-ல் சட்டோகிராமிலும் இங்கிலாந்து அடி வாங்கியது. ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம்.

ஆனால் இதெல்லாம் 20 ஓவர், 50 ஓவர். டெஸ்ட் வேறு கதை.

நாம் "டெஸ்ட் அந்தஸ்து" என்று சொல்வதில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, ஐந்து நாள் ஆட்டம் ஆடும் உரிமை. இன்னொன்று, ஐசிசியில் (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) முழு உறுப்பினர் என்ற பதவி. அந்தப் பதவியோடுதான் பணமும் ஓட்டும் வருகின்றன. முழு உறுப்பினர்கள் 12 பேர். 2024 முதல் 2027 வரைக்கான ஐசிசி வருமானப் பங்கீட்டில் இந்திய வாரியத்துக்கு மட்டும் சுமார் 38.5 சதவீதம். முழு உறுப்பினர் அல்லாத, தொண்ணூறுக்கு மேற்பட்ட அசோசியேட் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுமார் 11 சதவீதம். மரியாதை விஷயத்திலும் இதே கதைதான். 2027 உலகக் கோப்பையைத் தென்னாப்பிரிக்காவும் ஜிம்பாப்வேயும் நமீபியாவும் சேர்ந்து நடத்துகின்றன. முதல் இரண்டு நாடுகளுக்கும் நடத்துபவர் என்பதால் நேரடி இடம். அசோசியேட்டான நமீபியா மட்டும் தகுதிச்சுற்றில் ஜெயித்துத்தான் உள்ளே வர வேண்டும். பந்தல் போட்ட வீட்டுக்காரனுக்கே இலை கிடையாது.

சரி, தகுதிக்கு வருவோம். தகுதி என்பதை எதை வைத்து அளப்பது? நியூசிலாந்து முதல் டெஸ்ட் ஆடியது 1930-ல். முதல் வெற்றி 1956-ல், 45-வது டெஸ்ட்டில். அதற்கு முந்தைய வருடம்தான் இங்கிலாந்திடம் 26 ரன்னுக்குச் சுருண்டிருந்தார்கள். பங்களாதேஷுக்கு 2000-ல் அந்தஸ்து கிடைத்தது. முதல் 34 டெஸ்ட்டில் 31 தோல்வி, 3 டிரா. முதல் வெற்றி 2005-ல் ஜிம்பாப்வேக்கு எதிராக. "முதலில் தகுதியைக் காட்டு, அப்புறம் தருகிறோம்" என்று அன்று யாராவது பிடிவாதம் பிடித்திருந்தால் இன்று இந்த இரண்டு அணிகளும் இருந்திருக்காது. மறுபக்கம் கென்யா. 2003 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போனது. டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை, பெரிய அணிகளோடு போதுமான ஆட்டங்களும் வரவில்லை, வாரியத்துக்குள் குழப்பம் வேறு. 2014-ல் ஒருநாள் அந்தஸ்தும் போயிற்று.

அப்படியானால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடலாமா? அயர்லாந்தைப் பாருங்கள். 2017-ல் ஆப்கானிஸ்தானோடு சேர்ந்து முழு உறுப்பினர் ஆனது. 2018-ல் மலஹைடில் முதல் டெஸ்ட். கெவின் ஓ'பிரையன் சதம் அடித்தார். முதல் வெற்றிக்கு 2024 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு வருடம் என்றாலும் அது அவர்களுடைய எட்டாவது டெஸ்ட்தான்! அவ்வளவு குறைவாகத்தான் ஆட்டம் கிடைத்தது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது அணிகள்தான். அயர்லாந்து, ஆப்கானிஸ்தான், ஜிம்பாப்வே மூன்றும் வெளியே. டப்ளினில் நிரந்தர ஸ்டேடியம் கிடையாது. ஒவ்வொரு தொடருக்கும் தற்காலிக கேலரி, கூடாரம் என்று செலவு எகிறும். 2025-ல் ஆப்கானிஸ்தானுக்கு எதிராகச் சொந்த மண்ணில் ஆட வேண்டிய டெஸ்ட்டைப் பணமில்லாமல் ரத்து செய்தார்கள். ஆப்கானிஸ்தான் களத்தில் வேகமாக வளர்ந்தது. இரண்டாவது டெஸ்ட்டிலேயே வெற்றி. ஆனால் பெண்கள் அணி இல்லாமல் முழு உறுப்பினராக நீடிக்கும் ஒரே நாடும் அதுதான். விதியை யாருக்கு வளைப்பது, யாருக்கு நிமிர்த்துவது என்பதில் ஐசிசிக்குத் தனிக் கணக்கு உண்டு.

என் கருத்தைக் கேட்டால், நெதர்லாந்துக்கு இன்றைக்கு டெஸ்ட் அந்தஸ்து வேண்டாம் என்பேன். திறமைக் குறைவு காரணம் இல்லை. அங்கே யாரும் நான்கு நாள் கிரிக்கெட் ஆடுவதே இல்லை. டாப்கிளாஸ என்கிற முதல்நிலை லீக்கே வார இறுதி 50 ஓவர்தான். கிளப்புகளில் பெரும்பாலும் மேட் விக்கெட், அதாவது விரிப்பு போட்ட பிட்ச். புல் விக்கெட் உள்ள மைதானங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மூன்றாம் நாள் மாலை, பழைய பந்து, ஒன்றும் நடக்காத பிட்ச், முப்பதாவது ஓவரை வீசும் ஸ்பின்னர்: இந்த அனுபவம் அவர்களில் இங்கிலாந்தில் கவுண்டி கிரிக்கெட் ஆடியவர்களுக்கும் வேறு நாட்டில் வளர்ந்து வந்தவர்களுக்கும் மட்டும்தான் உண்டு.

இதற்கு டச்சு வாரியத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. 2004 முதல் 2017 வரை ஐசிசி இன்டர்காண்டினென்டல் கோப்பை என்று அசோசியேட் நாடுகளுக்கு நான்கு நாள் போட்டி ஒன்று நடத்தியது. அயர்லாந்து நான்கு முறை ஜெயித்தது. ஆப்கானிஸ்தான் இரண்டு முறை. அந்த இருவரும் மேலே போனதும் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். 2020-ல் தொடங்கிய ஒருநாள் சூப்பர் லீக்கில் 12 பெரிய அணிகளோடு நெதர்லாந்தும் இருந்தது. பெரிய அணிகள் கட்டாயம் அவர்களோடு ஆட வேண்டியிருந்தது. ஒரே சுற்றோடு அதற்கும் மூடுவிழா. நீந்தத் தெரிந்த பிறகு ஆற்றில் இறங்கு என்பது மாதிரிதான். நான் வாரியத்தில் இருந்தால் டெஸ்ட்டுக்காகக் கொடி பிடிக்க மாட்டேன்; இந்த இரண்டு போட்டிகளையும் திரும்பக் கேட்பேன். முழு உறுப்பினர் பதவியையும் டெஸ்ட்டையும் பிரித்துவிடுங்கள் என்றும் கேட்பேன். பணமும் ஓட்டும் பெற ஐந்து நாள் ஆட வேண்டும் என்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இனி உங்கள் பையன். அவன் இருபது வயதைத் தொடும்போது நெதர்லாந்து டெஸ்ட் ஆடிக்கொண்டிருக்கும் என்று நினைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஆனால் வெள்ளைப் பந்தில், அதாவது 20 ஓவர், 50 ஓவர் ஆட்டங்களில், பாதை நிஜமாகவே திறந்திருக்கிறது. டி20 உலகக் கோப்பையில் இப்போது 20 அணிகள். 2027 ஒருநாள் கோப்பையில் 14. நெதர்லாந்து அணியிலேயே உதாரணங்கள் உண்டு. விக்ரம்ஜித் சிங் சிறுவயதில் பஞ்சாபிலிருந்து வந்து உங்கள் ஆம்ஸ்டெல்வேனில் வளர்ந்தவர். ஆர்யன் தத் இந்தியப் பெற்றோரின் மகன், ஆஃப் ஸ்பின்னர். விஜயவாடாவில் பிறந்த தேஜா நிடமனூரு 2023-ல் ஹராரேயில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 111 அடித்தார். அந்த ஆட்டம் டையாகி, சூப்பர் ஓவரில் லோகன் வான் பீக் 30 ரன் விளாசினார். சென்னை லீக்கில் ஒரு ஸ்பின்னர் கண்ணில் படுவதற்கு எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்பது மைத்துனருக்கே தெரியும்.

விதி: ஒரு நாட்டுக்கு ஆட அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது குடியுரிமை வேண்டும், அல்லது ஆடுவதற்கு முந்தைய மூன்று வருடம் அங்கேயே வசித்திருக்க வேண்டும். ஆறு வருடமாக இருக்கிறீர்கள் என்பதால் பையனுக்குத் தடையில்லை. டச்சு பாஸ்போர்ட்டுக்கு அவசரப்பட வேண்டியதும் இல்லை. அதை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இந்திய அணிக் கதவும் அதோடு மூடும்.

சம்பாத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020-ல், கொரோனா காலத்தில், வேகப்பந்து வீச்சாளர் பால் வான் மீகெரன் குளிர்காலச் செலவுக்காக உணவு டெலிவரி செய்வதாக அவரே எழுதினார். பெரிய கோப்பைகளில் ஆடியவர் அவர். அதனால் படிப்பை விடச் சொல்லாதீர்கள்.

சென்னைக்கு நிரந்தரமாக அனுப்ப வேண்டாம். ஸ்பின்னருக்கு மேட் விக்கெட்டில் பந்து நன்றாக எகிறும், நன்றாகவே திரும்பும். அதைப் பார்த்துக் கோச்சும் அப்பாவும் ஏமாந்துபோவார்கள். புல் விக்கெட் உள்ள கிளப்பில் வாரம் ஒரு முறையாவது வீச முடியுமா என்று விசாரியுங்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே உள்ளரங்குப் பயிற்சிதான். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, மழை விட்டிருந்தால், பத்து நாள் சென்னை மண் பிட்ச்சில் வீசட்டும். மைத்துனரையே பேட் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள்.