சீரியல் வரட்டும், சலங்கையைக் கழற்ற வேண்டாம்

சார், நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு நீங்கள் போனில் பேசும்போது பாதியில் குரல் அடைத்துக்கொண்டது. 12 வருஷம் பரதம் கற்று அரங்கேற்றமும் முடித்த பெண், பி.காம். இரண்டாம் வருஷத்தில் வந்து நின்று "காலேஜ் வேண்டாம், மாடலிங், சீரியல்தான்" என்றால் எந்த அப்பாவுக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். போனில் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பெண் போக நினைப்பது ஆள் நடமாட்டமே இல்லாத பாதை இல்லை. நம் மும்பைத் தமிழ்க் குடும்பத்துப் பெண், பரதம் ஆடும் நடிகை சுதா சந்திரனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1981-ல் திருச்சி பக்கம் நடந்த விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் வைத்துக்கொண்டு 1984-ல் மறுபடி மேடை ஏறினார். அவர் கதையையே 1985-ல் தெலுங்கில் 'மயூரி' என்று படமாக்கி அவரையே நடிக்க வைத்தார்கள். ஆனால் டிவி அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது 2001-ல் ஹிந்தி சீரியலில் ரமோலா சிகந்த் என்ற பாத்திரத்துக்கு அப்புறம்தான். நடுவே எத்தனை வருஷம் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் காலத்துப் பையன் சாந்தனு மகேஸ்வரியும் அப்படித்தான். 2011-ல் சேனல் வி தொடர் ஒன்றில் அறிமுகமானார், தொடர் கிடைத்துவிட்டதே என்று நடனத்தை விடவில்லை, 2015-ல் தன் குழுவோடு லாஸ் ஏஞ்சல்ஸ் போய் வேர்ல்ட் ஆஃப் டான்ஸ் போட்டியில் ஜெயித்தார். ஆலியா பட்டுக்கு ஜோடியாகப் படத்தில் வந்தது 2022-ல்.

போன சனிக்கிழமை செம்பூரில் என் அறையில் உங்கள் பெண்ணை ஒரு வரி வசனம் சொல்லச் சொல்லி என் போனில் எடுத்தேன். "அம்மா, நான் கிளம்பறேன்", அவ்வளவுதான். முதல் தடவை புருவம் ஏறியது, கண் விரிந்தது, சண்முகானந்தா ஹாலில் பால்கனி கடைசி வரிசைக்குத் தெரிகிற மாதிரி. கேமரா மூன்றடி தூரத்தில் இருக்கிறது. "பையில் சாவியைத் தேடிக்கொண்டே சொல்லும்மா" என்றேன். அடுத்த தடவை கை பைக்குள் துழாவியது, கண் மட்டும் ஒரு நொடி நிமிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் உடம்பு கேட்கிறதே, அது 12 வருஷ அடவுப் பயிற்சி கொடுத்தது, எந்த நடிப்புப் பயிற்சி வகுப்பும் மூன்று மாதத்தில் கொடுத்துவிடாது.

இனி பணத்துக்கு வருவோம், உங்கள் பயமே அங்கேதான். மும்பை டிவியில் சம்பளம் பெரும்பாலும் வேலை செய்து 90 நாள் கழித்துத்தான் கைக்கு வரும், அதிலும் 10 சதவீதம் டிடிஎஸ் என்று வருமான வரிக்காக முன்னாலேயே பிடித்துக்கொள்வார்கள். ஜூனில் ஷூட்டிங் என்றால் காசு செப்டம்பரில். அதுவரை டோம்பிவிலியிலிருந்து காட்கோபர், அங்கிருந்து மெட்ரோவில் வெர்சோவா, அப்புறம் ஆடிஷன்கள் நடக்கும் ஆராம் நகருக்கு ஆட்டோ என்று ஆடிஷனுக்கு அலைகிற செலவெல்லாம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சீரியல் கிடைத்தால் 12 மணி நேர ஷிப்ட், டிஆர்பி, அதாவது சீரியலைப் பார்ப்பவர்கள் கணக்கு, விழுந்தால் போன வாரம் வரை நாயகியின் தங்கையாக இருந்தவள் இந்த வாரம் "வெளிநாடு போய்விட்டாள்" என்று கதையை முடித்துவிடுவார்கள். அதற்கும் அடுத்த வாய்ப்புக்கும் நடுவே ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அந்த இடைவெளியில் சோறு போடப்போவது நடனம்தான் சார். குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கலாம், கோயில் நிகழ்ச்சி செய்யலாம், கல்யாண சங்கீத்துக்கு நடனம் அமைத்துக் கொடுக்கலாம், மும்பையில் அதற்கு நல்ல கிராக்கி. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மாடலிங் வந்ததற்காக அவள் நடனத்தை விடக் கூடாது.

ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு, கவனமாகக் கேளுங்கள். ஆடிஷனுக்கு நாம் யாருக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம், "எங்கள் போட்டோகிராபரிடம்தான் போர்ட்ஃபோலியோ எடுக்கணும்" என்று எவன் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நாலு வருஷம் முன்னால் என்னிடம் வந்த ஒரு அம்மா வளையலை அடகு வைத்து 75,000 ரூபாய் கட்டியிருந்தார், கையில் கிடைத்தது ஒரு பென் டிரைவ். அப்போதே என்னிடம் முதலில் வந்திருந்தால் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது. வாய்ப்பு தேடித் தருகிற ஒழுங்கான கோ-ஆர்டினேட்டர் வேலை வாங்கிக் கொடுத்து, வருகிற பணத்தில்தான் தன் பங்கை எடுப்பார்.

காலேஜை விட வேண்டாம். நேரில் போக முடியாது என்றால் மும்பைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விக்கு மாற முடியுமா என்று விசாரியுங்கள். நடனத்திலேயே பட்டம் வேண்டும் என்றால் ஜூஹுவில் நடனக் கலைஞர் கனக் ரேலே தொடங்கிய நாளந்தா நடனக் கல்லூரி இருக்கிறது. அவளுக்கு இரண்டு வருஷம் கொடுங்கள், மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையும் சொல்லிவிடுங்கள். "இரண்டு வருஷத்தில் உருப்படியாக ஒன்றும் அமையவில்லை என்றால் என்ன செய்வாய்" என்று இப்போதே கேளுங்கள், கோபத்தில் கேட்காதீர்கள், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து கேளுங்கள்.

சேனல் பக்கத்திலிருந்து ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கள். எத்தனை மாதம் வேறு வேலை செய்யக் கூடாது, விளம்பரப் படம் எத்தனை வருஷம் ஓடும், ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்கு வண்டி உண்டா, இந்த மூன்றையும் நானே படித்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. சேலை விளம்பரப் புத்தகத்துக்கு மாடலாக போட்டோ எடுத்ததற்கு அப்புறம் மூன்று வாரமாக டான்ஸ் கிளாஸுக்குப் போகவில்லை என்று அவளே சொன்னாள். முதலில் அவளுடைய குருவுக்கு ஒரு போன் போட்டு, வியாழக்கிழமை வருகிறாள் என்று சொல்லிவிடுங்கள்.